தாங்கி நடை என்று நாம் சிரித்த நடை

நாளை காலை கொடியேற்றம். இன்று மாலை இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சீர்பாதம் தாங்கிகள் சங்கத் தலைவர், பெரியவர் கோதண்டபாணி அவர்களே! தோளிலே தழும்பையும் நெஞ்சிலே தெய்வத்தையும் சுமக்கும் தாங்கிகளே! அந்தத் தழும்புக்கு எண்ணெய் தடவித் தடவியே கை ஓய்ந்த தாய்மார்களே! தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளையார்பாளையத்தின் தெருத்தெருவிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் தேவகி. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கிறாரே கைலாசம், அவருடைய தங்கை. சாமி வாகனத்தின் முன் தண்டை முப்பது ஆண்டுகளாகத் தோளில் சுமந்த அண்ணனைப் பாராட்டி நான்கு வார்த்தை பேசு என்று அழைத்தீர்கள். பாராட்டுவேன். ஆனால், அதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது.

கை தட்ட வேண்டாம், அய்யா. கேட்டு முடித்த பிறகு தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தேர்த்தெருத் திருப்பம். சாமி திரும்புகிறது. தோள் மாற்ற ஊதல் ஊதுகிறது. பின்னால் ஒருவருக்குக் கால் வழுக்க, முன் தண்டு எழும்பி இறங்கியது. எங்கே இறங்கியது? தோளிலா? இல்லை. என் அண்ணன் காதுக்குப் பின்னால் இறங்கியது. மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். ஒரு நிமிடம் நினைவில்லை. யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ நெற்றி நிறைய நீறு பூசினார்கள். "சாமியே தொட்டுட்டாருபா!" என்று ஒரு குரல் எழுந்தது. கண் விழித்தவர் என்ன செய்தார்? ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டாரா? "என் தண்டு எங்கபா?" என்று கேட்டார். எழுந்தார், தோள் கொடுத்தார். வீதியே ஆர்ப்பரித்தது. நானும் ஆர்ப்பரித்தேன். அடுத்த ஆண்டும் ஓர் அடி. அப்போதும் மயக்கம், அப்போதும் நீறு, அப்போதும் ஆரவாரம்.

ஏன் இறங்கவில்லை? நம் சங்கத்தின் வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒத்திகை தொடங்கி உற்சவம் முடிவதற்குள் இறங்கிய தோள் மறுபடி முன் தண்டுக்கு ஏறாது. அந்த இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அதனால் நம் வீடுகளில் காய்ச்சலைச் சொல்வார்கள், கால் சுளுக்கைச் சொல்வார்கள். தலையில் பட்ட அடியை மட்டும் கட்டிய மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள்.

சில ஆண்டுகள் போயின. "கலா, கற்பூரம் மாத்திட்டாங்களா? வாசனையே வரலியே" என்றார் அண்ணன். கலாவதி அண்ணி கடைக்காரரைத் திட்டினாள். பிறகு அவருடைய நடை மாறியது. அடியை எடுத்து வைக்காமல் தரையோடு தேய்த்தார். முன்னே குனிந்து, முழங்கால் மடங்கி, சின்னச் சின்ன அடியாக நடந்தார். வலக்கை வீசவே இல்லை. அய்யா, அது யாருடைய நடை? சாமி அலுங்காமல் இருக்க நீங்கள் ஒவ்வொருவரும் பழகிய நடை அல்லவா? தாங்கி நடை அல்லவா? அண்ணனின் உற்ற தோழர் பரசுராமன் வாசலில் நின்று கேட்டார்:

"இன்னாபா கைலாசம், ஊட்டுக்குள்ளயும் சாமி தூக்கினு நடக்கிறியா?"

"ஆமாபா, இறக்கி வெக்கத்தான் ஆளில்லே" என்றார் அண்ணன்.

சிரித்தோம். தெருவே சிரித்தது. சிரிக்காதவர் யார்? அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று ஆண்டுதோறும் மாணவர்களிடம் சொல்லும் இந்தத் தேவகியும் சிரித்தாள். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஓராண்டில் ஒருவராவது "இவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பார்கள். நமக்கு அந்த நடை பழக்கம். நாம் நான்காண்டுகள் கேட்கவில்லை.

ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். சென்னைக்குக் கூட்டிப்போனோம். முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, நரம்பில் மருந்து செலுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். உடலை அசைத்து ஆட்டுவிக்கும் ஒரு ரசாயனம் மூளையில் இருக்கிறது. அதைக் கொண்டுசெல்லும் நரம்பு முனைகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அந்தப் படம் காட்டும். நலமாக இருப்பவருக்கு இருட்டுக்குள் இரண்டு காற்புள்ளிகள் ஒளிவிடும். என் அண்ணனுக்கோ காற்புள்ளியின் வால் இரண்டு பக்கமும் இல்லை. ஒரு பக்கம் ஒரு புள்ளி. மறுபக்கம் புள்ளி இருந்த இடம் மட்டும். பார்க்கின்சன் நோய் என்றார்கள். கற்பூர வாசனை தெரியாமல் போனதே அதன் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

கீர்த்தி என்ற அந்த மருத்துவர் சின்னப் பெண். நம் வாலாஜாபாத் பக்கத்துக்காரி. நான் கேட்டேன்: "தண்டு பட்ட அடியாலதான் இப்படின்னு படத்துல தெரியுமா?"

"தெரியாதும்மா. எவ்ளோ போச்சுன்னு காட்டும். யாரு எடுத்துக்கினு போனதுன்னு காட்டாது."

அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். நானும் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அடிபட்ட எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. அடியே படாதவருக்கும் வருகிறது. நினைவு தப்பும் அளவுக்குத் தலையில் அடிபட்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. விழுந்ததால் நோயா, நோய் உள்ளே தொடங்கிவிட்டதால் விழுந்தாரா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அதையே கேட்டேன்.

என்ன, அய்யா? கடைசி வரிசையில் யாரோ, "அப்போ இன்னாதான்மா சொல்ல வர்றே?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

நேற்று ஒத்திகை நடந்தது. என் அண்ணன் இடத்துக்கு வந்திருக்கும் அவர் மகன் தினகரனின் தலையில் தண்டு பட்டது. கொஞ்ச நேரம் எங்கே நிற்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. இன்று காலை இரண்டு முறை வாந்தி எடுத்தான். அண்ணி இன்று மத்தியானம்தான் என்னிடம் சொன்னாள். ஓடினேன். "ஸ்கேன் எடுக்கலாம், வாடா" என்றேன்.

"உற்சவம் முடியட்டும் அத்தே. இப்போ இறங்கினா முன் தண்டு போயிடும். அப்பா பேரு போயிடும்."

இருபது ஆண்டுகள் கழித்து இவனுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. இன்றிரவு இவன் மூளையில் ரத்தம் கசிகிறதா என்பதே எனக்குத் தெரியாது! தெரியாது, தெரியாது என்று சொல்லும் நான், தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இவனைத் தண்டுக்கு ஏற்றக்கூடாது. தலைவர் அவர்களே, தலையில் அடிபட்டு இறங்கியவனின் இடம், அவன் தேறி வரும்வரை அவனுக்கே காத்திருக்கும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். சுமப்பவனுக்குச் சுகமில்லை என்றால் சாமி கோபித்துக்கொள்ளுமா? நாம்தானே கோபித்துக்கொள்கிறோம்!

"கொடியேத்தம் நாளைக்கு, இப்போ போய் வழக்கத்தை மாத்தறதா?" என்கிறார் ஒரு பெரியவர். அய்யா, தண்டு நாள் பார்த்தா விழுகிறது?

பொறுங்கள். அண்ணன் கையை உயர்த்துகிறார். அந்த மைக்கை அவரிடம் கொண்டுபோங்கள். கொஞ்சம் அமைதியாக இருங்கள், அவர் குரல் இப்போது இவ்வளவுதான்.

...

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன். "அவன் இறங்கட்டும்பா. முன் தண்டு போனா போவட்டும். நான் இறங்கியிருக்கணும்." என் அண்ணன் சொன்னது இதுதான்.

தலைவர் தலையசைக்கிறார். சம்மதமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுத்தாகப் பார்க்கும்வரை நான் நம்பப் போவதில்லை, மன்னியுங்கள்.

தினகரா, எழுந்திருப்பா. வேகமாக எழாதே, அம்மா தோளைப் பிடித்துக்கொள். வாசலில் ஆட்டோ நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகிவிட்டது. வழி விடுங்கள் அய்யா, அவனுக்கு வழி விடுங்கள்.

தாங்கிகளே, தாய்மார்களே, பேச்சை முறையாக முடிக்க எனக்கு நேரமில்லை. நானும் அவனோடு போகிறேன். பேச இடம் தந்த சங்கத்துக்கும், என் அண்ணனின் சின்னக் குரலுக்காக மூச்சடக்கிக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.