அரை ரொட்டிக்கு ஒரு சிப்பாய்

எங்கள் கேமில் ஒரு சிப்பாயின் விசுவாசம் அரை ரொட்டி. டிராகன் முட்டை நானூறு பொற்காசு, சூனியக்காரியின் சாபத்தை எடுக்க எழுபது. இந்த விலைகளையெல்லாம் போட்டவன் நான். முட்டை விலை அநியாயம் என்று ஊர்ப்பட்ட பேர் எழுதித் திட்டியிருக்கிறார்கள். சிப்பாயின் விலையைப் பற்றி ஒருவரும் முனகவில்லை. சரியாகப் போட்ட விலை அப்படித்தான் இருக்கும்; வாங்குகிறவனுக்கு அது விலையாகவே தெரியாது.

நீங்கள் விசாரணை அதிகாரிதான். ஆனாலும் என் அக்கா வயது, எஜே என்றே கூப்பிடுகிறேன், வாய் அப்படிப் பழகிவிட்டது. தேநீருக்கு நன்றி. ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் வளர்ந்தது தோர்தோய் சந்தையில். அப்பாவுக்கு அங்கே இரண்டு கண்டெய்னர். கீழே கடை, மேலே சரக்கு. பூட்ஸ் வியாபாரம். எதையும் சோதிக்காமல் அவர் விலை பேசியதில்லை. தோலை மடிப்பார், முகர்வார், ஆள் பார்க்காத நேரத்தில் கடிக்கவும் செய்வார். இந்த விவகாரத்தில் என் மேல் தப்பு என்று ஏதாவது இருந்தால், அது வளர்ப்பில் வந்தது.

எங்கள் ஸ்டூடியோ முதலாளி ரெனாத். போர்க்காட்சி நிஜம்போல இருக்கவேண்டும் என்று அவரே கூட்டிவந்த ஆலோசகர் தோக்தோசுன்; வயதில் மூத்தவர், அதனால் எங்கள் எல்லோருக்கும் பைகே. ராணுவத்துக்குச் சோறு போடும் பிரிவில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த முதல் நாள் எங்கள் டிராகனைத் திரையில் வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குத் தீவனம் யாரு போடறது?"

"பைகே, அது டிராகன்," என்றார் ரெனாத்.

"தெரியுது. நாளைக்கு எத்தன ஆடு?"

"அது மாயத்துல உயிர் வாழுது பைகே."

"சரி, அது மாயம். கீழ நிக்கிறானே ஐயாயிரம் பேரு, இவனுங்களும் மாயத்தத்தான் திங்கிறானுங்களா? பின்னாடி ஒரு கழுத வண்டியக் கூடக் காணோம்."

"வேல முடிஞ்சு வீட்டுக்கு வர்றவன் டிராகனக் கொல்லத்தான் பைகே உக்கார்றான். மூட்ட எண்ணவா உக்கார்றான்?"

தினமும் இதுதான் கச்சேரி. கடைசியில் சண்டை ஒரே எண்ணில் வந்து நின்றது. ரொட்டி இல்லாமல் எத்தனையாவது நாள் சிப்பாய் படையை விட்டு ஓடுவான்? மூன்று என்றார் கர்னல். ரெனாத் ஒன்பது என்றார், அதற்குள் டிராகனைக் கொன்றுவிடலாம் என்று. எண்களைச் சரிக்கட்டுவது என் வேலை. சந்தையில் என்றால் ஆறு என்று கையைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சரக்கை யாருமே சோதித்துப் பார்க்கவில்லையே.

அதனால் அந்த நவம்பரில் டெஸ்டர்கள் ஐந்து பேரையும் சுற்றுலா கூட்டிப்போனேன். கேமை விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குபவர்கள். வெளிக்காற்றே படாத பிள்ளைகள். சூசாமிர் பள்ளத்தாக்குக்கு மேலே, மலையில், மேய்ப்பர்கள் கோடை முடிந்து பூட்டிப்போட்ட குடிசை ஒன்று இருந்தது. போன் எடுக்காது. ஒரு நாளுக்கான ரொட்டி கொண்டுபோனோம். மினிபஸ் ஓட்டிய கெஞ்சே மறுநாள் மாலை வந்து கூட்டிப்போவான் என்று அவர்களிடம் சொன்னேன். வரவேண்டாம் என்று கெஞ்சேயிடம் சொன்னேன்.

வேடிக்கைக்காக எல்லோருக்கும் படைவீரர் உடை. கால்களுக்கு அப்பாவின் கடையில் நெடுநாள் விற்காமல் கிடந்த பூட்ஸ். பார்ப்பதற்கு அசல் தோல். அடிப்பாகம் அட்டை. அது எனக்குத் தெரியும். அந்தக் கடையில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமலா? நான் மட்டும் கம்பளி வைத்த என் சொந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். கணக்கு எடுப்பவன் ஒருவனாவது நடக்கிற நிலையில் இருக்க வேண்டாமா?

மறுநாள் மாலை பஸ் வரவில்லை. வரப்போவதில்லை என்பதால் எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இல்லை. சிக்னல் கிடைக்கிறதா பார்த்துவருகிறேன் என்று கிளம்பினேன். டெஸ்டர்களில் மூத்தவள் புருல் வாசலை மறித்துக்கொண்டு ரொட்டியை நீட்டினாள்.

"தொட்டுட்டுப் போ மெதெர். வீட்ட விட்டுப் போறவன் ரொட்டி பிட்டு வாயில போடாமப் போனா நல்லாவா இருக்கும்?"

"இது வீடா? ஆட்டுப்பட்டி."

"நாங்க இருக்கோம்ல. அப்ப வீடுதான். வாயத் தொற."

பிட்டுத் தின்றுவிட்டு மேட்டைத் தாண்டி இறங்கினேன். கீழே நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. கெஞ்சே அங்கேதான் தங்கியிருந்தான். எனக்காகக் கூர்தாக் வறுக்கச் சொல்லிவைத்திருந்தான்; ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம் தாராளம். திரும்பும்போது பனியால் வாயைத் துடைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் உண்டு.

மூன்றாம் நாள், நான்காம் நாள், தினமும் சிக்னல் தேடிப் போனேன். ஒவ்வொரு முறையும் புருல் வாசலில் ரொட்டியோடு நிற்பாள். ரொட்டி சிறுத்துக்கொண்டே வந்தது. நான் காத்திருந்தது இதற்காகத்தான்: யார் முதலில் பிடுங்குவார்கள், யார் முதலில் தனியாகக் கிளம்புவார்கள். ஒருவரும் பிடுங்கவில்லை. எரிச்சலாக இருந்தது எஜே. விரல் நகம் அளவுக்குத் துண்டுபோட்டு, பெரிய துண்டை அடுத்தவனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு எந்த எண்ணைக் கேமில் போடுவது?

ஐந்தாம் நாள் மிச்சமிருந்தது அரை ரொட்டி. புருல் அதை அப்படியே என் கையில் வைத்தாள்.

"பாதியப் பிட்டுத் தா போதும்," என்றேன்.

"வெச்சுக்கோ. தினம் எங்களுக்காக நடக்குறது நீதான. நாங்க சும்மாதான உக்காந்துருக்கோம்."

தின்றேன். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வரும். முந்தின நாள் தின்றது நெஞ்சிலேயே நின்றது. அதோடு அதை விழுங்குவது லேசான காரியமில்லை. என் கஷ்டத்தையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அவள் என்னை முகர்ந்தாள், அப்பா தோலை முகர்கிற மாதிரி. "மெதெர், உன் சிக்னல்ல வெங்காய வாசன அடிக்குதே," என்றாள். மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பூட்ஸ் தடம் பனியில் அச்சு போட்டதுபோல விழும், நல்ல சரக்கு. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அட்டை பூட்ஸில் அவள் இறங்கி வந்திருக்கிறாள். கடைக் கதவு திறந்தபோது என் வாயில் கறி இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், கடைக்காரம்மாவிடம் திரும்பினாள்.

"எஜே, நாலு பேருக்குக் கட்டிக் குடுங்க. ரொட்டி சேத்து வைங்க. கெஞ்சே, வண்டிய எடு."

அப்புறம்தான் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தாள். அது கழலவில்லை. கடைக்காரம்மா கத்தியால் அறுத்தாள். இடது காலில் இரண்டு விரல் பனியில் உறைந்து போய்விட்டதாக டாக்டர் பிறகு சொன்னார். புருல் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயக்காரி என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருஷ மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாளாம்.

ஸ்டூடியோவில், மலையில் நடந்ததை நடந்தபடியே கேமில் போட்டுப் பார்த்தேன். பசித்த படை ரொட்டியைப் பங்குபோட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. ஒருவன்கூட ஓடவில்லை. ரெனாத் கொட்டாவி விட்டார். "இதெல்லாம் எவன்டா நம்புவான்? நெஜம் மாதிரி எதாவது போடு."

ஓடியவன் கணக்கு என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குத் திரும்ப வழி தெரிந்தவன், நல்ல பூட்ஸ் போட்டவன், முதல் வாய்ப்பிலேயே கிளம்பிப் போய்த் தின்றவன். அவன் குணத்தை ஐயாயிரம் சிப்பாய்களுக்கும் போட்டுவிட்டேன். விலை அரை ரொட்டி. வந்தவர் போனவர் எல்லாம் என்ன யதார்த்தம், என்ன யதார்த்தம் என்று எழுதினார்கள். ஒரு மனிதனை இவ்வளவு பேர் பாராட்டினால் கூச்சமாகத்தான் இருக்கும்.

புருல் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தவர் தோக்தோசுன் பைகே, அது உங்களுக்கே தெரியும். புகார் கொடுத்த அன்று என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"மூணு நாள்னு நான் ஏன் சொன்னேன்னு கேட்டியா நீ?"

"இல்ல பைகே."

"மலமேல மாட்டுனப்ப எங்க பசங்க பசியில ஓடலடா. பத்து நாள்கூட இருந்துருப்பானுங்க. மூணாம் நாளு அதிகாரிங்க கூடாரத்துலருந்து கறி வேகற வாசன வந்துச்சு. அன்னிக்குத்தான் ஓடுனானுங்க."

கேட்டதும் எனக்கு வருத்தமாகிவிட்டது. எவ்வளவு அருமையான விதி. முன்னாலேயே சொல்லியிருந்தால் மினிபஸ் வாடகை மிச்சமாகியிருக்கும். அன்று மதியமே அதைக் கேமில் சேர்த்துவிட்டேன்: தளபதியின் கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் படை கலையும். பிரமாதமாக வேலை செய்கிறது.

ஆனால் புருல் ஏன் ஓடவில்லை என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை எஜே. வாசனை அவளுக்கு வந்ததே. அப்படியும் நாலு பேருக்குக் கட்டச் சொன்னாள். அந்தப் பெண்ணைக் கேமில் எங்கே வைப்பது என்று இன்றும் தெரியவில்லை. வைத்தால் எல்லா எண்ணும் குலைந்துவிடும்.

கணக்கை முடித்துவிடலாம். ஐந்து பேரைப் பட்டினி போட்டது நான்தான். அது வேலைக் கணக்கு, ஸ்டூடியோ பேரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு விரல் பூட்ஸ் கணக்கு; பூட்ஸ் அப்பாவின் கணக்கு. என் பேரில் நிற்பது புருல் கொடுத்த அரை ரொட்டி மட்டும். அதையும் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன், நல்ல சூடான ரொட்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு. உள்ளே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கதவு வரை வந்தது, திறக்கவில்லை. ரொட்டியை வீணாக்கக் கூடாதில்லையா, படிக்கட்டிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டேன். ஆக, நிலுவை அரை ரொட்டி. அது அவள் வந்து வாங்கிக்கொள்ளாத பாக்கி.