தண்ணீர் இறக்கும் வாரம்

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உப்பை மறந்துவிடுவார்கள். அரிசி, பாத்திரம், தீப்பெட்டி எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். உப்பு மட்டும் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பதினோரு வருஷத்தில் எங்கள் குடும்பம் ஒரு தடவைகூட உப்பை மறந்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான். நீங்கள் கொடுத்த விசாரணைப் படிவத்தில் 'ஏற்பாடு செய்தவர் யார்' என்ற கேள்விக்கு எதிரே ஒரே ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் போதாது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் அச்சடித்து எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அது அச்சாவதற்கு முன் பிழை பார்க்கிறவன் நான். எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், காற்புள்ளி, அடைப்புக்குறி உட்பட. நான் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே தொடர்வேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். மருந்து வாங்குகிறவர்கள் அந்தத் தாளைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக ஒரு வரியைக்கூட நான் தாண்டிப் போனதில்லை.

என் தம்பி மெத்தைக் கடையில் விற்பனையாளன். கடைக்கு வருகிறவர்களை மெத்தையில் படுக்க வைத்து, கதை சொல்லிச் சிரிக்க வைத்து, அவர்கள் எழுந்திருப்பதற்குள் விற்றுவிடுவான். எதையும் படிக்க மாட்டான். மின்விசிறி வாங்கினால்கூட அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்கு எடுத்து வந்து, எப்படி மாட்டுவது என்று கேட்பான். ஆனால் அவன் வந்தால் வீடு கலகலக்கும். எனக்கு அவன் வைத்த பட்டப்பெயர் சட்டப் புத்தகம். அவனுடைய இரண்டு பெண்களும் என் எதிரில் பெரியப்பா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சட்டப் புத்தகம் என்பார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஏரிப் பூங்காவுக்கு வருஷம் ஒரு தடவை போவோம். பதிவு செய்வது, பூங்கா அனுப்பும் விதிமுறைகளைப் படிப்பது, சாமான் பட்டியல் போடுவது எல்லாம் என் பொறுப்பு. நானும் என் மனைவியும் ஒரு காரில் முன்னால் போய்க் கூடாரம் அடித்துவிடுவோம். தம்பி குடும்பம் இரண்டு மணி நேரம் கழித்து வரும். வந்ததும் அவன் வழக்கமாக ஒன்று செய்வான். வண்டி நின்றும் நிற்காததுமாக இறங்கி, சட்டை பேண்டோடு படகுத்துறையின் மரப்பலகை மேல் தடதடவென்று ஓடி, நுனியிலிருந்து தலைகுப்புறத் தண்ணீரில் பாய்வான். பெண்கள் கரையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். அவன் தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலே வருவான். எல்லாரும் கைதட்டுவார்கள். என் பட்டியலில் முதல் வரி எப்போதும் இதுதான்: தம்பிக்குத் துண்டு, பையின் மேலாக.

போன வருஷம் இரண்டாம் நாள் மதியம் சமையலுக்கு உட்கார்ந்தோம். தம்பி என் பையிலிருந்து பட்டியலை எடுத்தான். செய்தி வாசிக்கிறவர் குரலில் வாசிக்க ஆரம்பித்தான். கயிறு, இருபது அடி, முனை பிரியாதது. ஊசி, நூல், கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி என்னைப் போலவே விரலை மூக்கில் வைத்துக் காட்டினான். அவன் மனைவி சிரித்தாள், பெண்கள் சிரித்தார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். என் மனைவியும் சிரித்தாள். மடக்கு நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவனிடம் சொன்னாள்.

"இருபது வருஷமா நான் இதோடதான் குடும்பம் நடத்துறேன்."

தம்பி பட்டியலைச் சுருட்டி, அடுப்பில் காட்டி, நெருப்புப் பிடித்ததும் விறகுக்கு அடியில் செருகினான். "இப்பதான் இது உருப்படியா ஒண்ணுக்கு உதவுச்சு" என்றான். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வராது என்று வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். சத்தம் போடாதவனுக்குக் கோபம் இல்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் நான் ஒரு வருஷம் வேலைக்குப் போனேன், வந்தேன், அவன் வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்தேன்.

இந்த வருஷம் பதிவுக்காகப் பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் பூங்காக் காவலர், இப்போது நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அவர்தான். நான் சொன்ன தேதியைக் கேட்டதும் அவர் தயங்கினார்.

"அந்த வாரம் வேணாம் சார். மதகத் தொறந்து தண்ணி எறக்குவோம். துறை நுனில ரெண்டாள் ஆழம் இருக்கறது இடுப்பளவுக்கு வந்துடும். அடியில பூரா பழைய மரக்கட்டைங்க. பசங்க யாராச்சும் வந்தா குதிச்சு வைப்பாங்க."

ஏன் இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். சேறு வெளியே தெரிந்தால்தான் நீள்கால் பறவைகள் இறங்கி இரை பொறுக்கும், வருஷத்தில் ஒரு வாரம்தான் அவற்றுக்குக் கிடைக்கும் என்றார். போன வருஷம் வரை வேறு மாதத்தில் செய்தார்களாம், இந்த வருஷம் மாற்றியிருக்கிறார்கள். எத்தனை அங்குலம், எத்தனை நாளில், மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் என்று நான் கேட்கக் கேட்கச் சலிக்காமல் சொன்னார். இருபது நிமிஷம் பேசினோம். என்னோடு இவ்வளவு நேரம் யாரும் மகிழ்ச்சியாகப் பேசியதில்லை. கடைசியில், எங்களுக்குப் பறவை பார்ப்பதில் ஆசை, அதே வாரம்தான் வேண்டும் என்றேன். விதிமுறைத் தாளை அனுப்புகிறேன், பத்தொன்பதாவது விதியை எல்லாருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள் என்றார். தாள் மறுநாளே வந்தது. துறையிலிருந்து குதிக்கக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. கடிதம் வந்ததா என்று நீங்கள் நான்கு தடவை கேட்டீர்கள். வந்தது. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வீட்டில் நான் தேதியை மட்டும் சொன்னேன். தம்பி, "நீ சொன்னா சரிண்ணா, என்னைக்குன்னு சொல்லு, வந்து நிக்கிறேன்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒருத்தர்கூட விதிமுறை வந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். தாள் என் மேஜை மேல் மூன்று வாரம் கிடந்தது. தம்பி அதன் மேல் காபி டம்ளரை வைத்துக் குடித்துவிட்டுப் போனான், அந்த வட்டம் இப்போதும் இருக்கிறது.

எப்போதும் மதியம் போய்ச் சேருவோம். இந்தத் தடவை சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்கள் வந்து சேரும்படி நேரம் வகுத்தேன். அந்த நேரத்தில் சூரியன் துறைக்கு நேர் எதிரே இறங்கும். ஏரி தகரத் தகடு மாதிரி மின்னும், ஆழம் தெரியாது. பட்டியல் போட்டேன். துண்டையும் வைத்தேன்.

ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தார்கள். அவன் இறங்கி ஓடினான். பெண்கள் எண்ண ஆரம்பித்தார்கள். மூன்றுக்குப் பிறகும் எண்ணினார்கள், ஏழோ எட்டோ வரைக்கும் போனார்கள். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் முதலில் இறங்கினேன். கழுத்து அடிபட்டவரை எப்படித் திருப்ப வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். என் இரண்டு முன்கைகளுக்கும் நடுவில் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிஷம் தண்ணீரில் நின்றேன். அவன் கண் திறந்தே இருந்தது. "கால் எங்கண்ணா இருக்கு" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். நான் இல்லையென்றால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்பதை மறுநாள்தான் சொன்னார்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீங்கள் காவலரைப் பிடித்துக்கொண்டீர்கள். துறை வாசலில் எச்சரிக்கைப் பலகையை அன்று காலையில் மாட்டினேன் என்று அவர் சொல்கிறார். பலகை எங்கே என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். தூணில் இருக்கும் துளைகள் பழையவை என்று எழுதிவிட்டீர்கள். பொறுப்பில்லாதவர், பொய் சொல்கிறவர் என்று உங்கள் அறிக்கையில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவரைப் பார்த்து இப்படி எழுத எப்படி உங்களுக்குக் கை வந்தது? அவருக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று யோசித்தீர்களா?

பலகை என் வீட்டில், பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு தூண்களுக்கும் குறுக்கே இடுப்புயரத்தில் மாட்டியிருந்தார், ஆள் நுழைய முடியாதபடி. நான்கு ஸ்குரு, நான்கும் கடைசிவரை முறுக்கியவை. கழற்ற எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. என் மனைவி அப்போது கூடாரத்துக்குள் மெத்தைக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள், பம்பு சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பூங்காவுக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லாம் அக்கரையில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையைப் போர்வையில் சுற்றிக் கார் டிக்கியில் வைத்தேன். ஸ்குருக்களை ஒரு உறையில் போட்டு மேலே தேதி எழுதி வைத்திருக்கிறேன். பலகையில் எழுத்துகள் நேராக இருந்தன. இரண்டு தடவை படித்தேன், ஒரு பிழை இல்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு உறைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஏன் படிக்க வேண்டியதையே எடுத்தாய் என்று கேட்பீர்கள். பலகை இருந்தால் அவன் நின்றுவிடுவான். இரண்டு வரிதானே, செய்தி வாசிக்கிற குரலில் அதை வாசிப்பான். பலகையைக் காட்டி, சட்டப் புத்தகத்துக்கு இன்னொரு தம்பி பிறந்திருக்கிறான் என்று என்னைக் கிண்டல் செய்வான். என் மனைவி மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதை இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்க என்னால் முடியாது.

நேற்று தம்பியின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். காவலருக்கு எதிராக உங்களுக்குக் கிடைத்த பெரிய சாட்சி அதுதான் என்றீர்கள். அவன் சொன்னது இப்படி இருந்தது.

"கடுதாசி எதுவும் வந்திருக்காது. வந்திருந்தா அண்ணன் சொல்லியிருப்பாரு. அவரு படிக்காம ஒரு எடத்துக்கு எங்களக் கூட்டிட்டுப் போக மாட்டாரு. அந்தத் தைரியத்துலதான் வருஷா வருஷம் கண்ண மூடிட்டுக் குதிச்சேன். எங்கண்ணன் பாத்த எடத்த நான் எதுக்குத் திரும்பப் பாக்கணும்?"

வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அழப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள், டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினீர்கள். எனக்கு வந்தது கோபம்தான். பதினோரு வருஷம் அத்தனை பேர் முன்னால் வாய் ஓயாமல் பேசினானே, இந்த ஒரு விஷயத்தை என் முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், நான் அவனை அந்த வாரம் ஏரிப் பக்கமே அழைத்துப் போயிருக்க மாட்டேன். தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தவன் அவன்தான். உங்கள் அறிக்கையில் அதையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.