டீச்சருக்கு நான் சமைத்தது

ரஸ்க்கை எதிலாவது நனைத்துத்தான் சாப்பிட வேண்டும், மேடம். நீங்கள் இப்போது கடித்தீர்களே, அப்படி வெறுமனே கடித்தால் தூள் நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்குப் பரவாயில்லை, நல்ல நுரையீரல். இருந்தாலும் டீயில் ஒரு முக்கு முக்கிக்கொள்ளுங்கள். நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்? நிதானமாகவே சொல்கிறேன்.

என்னைக் கேன்டீன்காரர் என்பார்கள். ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே பழகிவிட்டேன். சண்டை வந்தால்கூட "போங்க டீச்சர்" என்பேன், அவளும் சிரித்துவிடுவாள். நல்ல குரல் அவளுக்கு. கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைக் கத்தாமலே எழுப்பிவிடுகிற குரல். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அந்தக் குரல் எந்த நேரத்தில் வரும் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

எனக்கு ஒரு கதை உண்டு. கேன்டீனில் ஒருமுறை காஸ் குழாய் பிடுங்கிக்கொண்டு தீப்பிடித்துவிட்டது. சாப்பாட்டு நேரம், கூடம் நிறைய ஆட்கள். எல்லாரும் வாசலைப் பார்த்து ஓட, நான் மட்டும் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தீக்குள் போய் வால்வை மூடினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்வேன். சொல்வதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது, மேடம். அடுப்பை எடுத்த எடுப்பிலேயே எரியவிடக் கூடாது. கேட்கிறவர் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மறக்க வேண்டும்.

டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சரியாக நான் தீக்குள் கால் வைக்கிற இடத்தில் வாயைத் திறப்பாள். "என்னங்க, வால்வை மூடினது பாத்திரம் தேய்க்கிற அக்கா இல்ல? நீங்க அப்போ ஸ்டோர் ரூம்ல மூட்டைக்குப் பின்னாடி இருந்தீங்க." கோபமெல்லாம் கிடையாது. பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் பிழை திருத்துகிற அதே முகம். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க" என்று மேலே ஒரு தாளிப்பு வேறு. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் குன்றிப்போவேன், அன்றைய சாப்பாடு எனக்கு மண்ணாகிவிடும். நான் எவ்வளவோ பூசணிக்காய் வெட்டியவன், ஒன்றையும் சோற்றில் மறைத்ததில்லை.

அவள் சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள். உண்மைதான். ஆனால் விருந்தில் உண்மைக்கு என்ன வேலை?

அவளுக்கு மூச்சு வாங்கும் வியாதி வந்தது பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால். நுரையீரல் குழாய்கள் சுருங்கிப்போயிருக்கின்றன, இனி இது கூடவே இருக்கும், பார்த்துக்கொண்டால் பல வருஷம் ஓட்டலாம் என்றார் டாக்டர். நான் பார்த்துக்கொண்டேன். மாத்திரை நான் எடுத்துக் கொடுப்பேன், நடக்கக் கூட்டிப்போவேன், இன்ஹேலரைச் சட்டைப்பையில் நானே வைத்திருப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரரிடம் என்னைக் காட்டிச் சண்டை போட்டார்கள். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் டீச்சரை ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே என்னிடம் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். சின்னப் பெண், நல்ல பொறுமை. "ஐயா, நீங்கதானே வீட்ல சமைக்கிறீங்க, உங்ககிட்டயே சொல்லிடுறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, இவங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு நீங்கதான் கவனிக்கணும்" என்றார். உதிர்கிற காய்ந்த பண்டங்கள் தொண்டையில் உறுத்தி இருமலைக் கிளப்பும். பனிக்கட்டி போட்ட பானம் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். சோடா வயிற்றை உப்ப வைத்து மூச்சுக்கு இடம் இல்லாமல் செய்யும். வினிகரும் எண்ணெயில் பொரித்ததும் நெஞ்சுக்கு எதுக்களித்து வந்து இருமலாகும். குளிர்ந்த பால் சிலருக்குச் சளியைக் கெட்டியாக்கினதுபோல இருக்கும். வயிறு முட்டச் சாப்பிடவே கூடாது. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அந்தப் பெண் சொன்னதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை.

டீச்சர் வெளியே வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல, நல்லா சாப்பிடச் சொன்னாங்க. இருமல் வந்தா பயப்பட வேண்டாமாம், அடைச்சுக்கிட்டு இருக்கிறது வெளிய வருதுன்னு அர்த்தமாம்."

"அப்போ நல்லதுதான்" என்றாள். படித்தவள். ஆனால் சமையல் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசமாட்டாள். நல்ல மனைவி.

அப்போது ஒன்றும் செய்யும் எண்ணம் இல்லை, சத்தியமாக. அடுத்த வாரம் என் பழைய கூட்டாளி ஒருவன் வந்தான். டீயோடு ரஸ்க் வைத்தேன். தீக்குள் கால் வைக்கும் இடம் வந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. அவள் முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, அடங்குவதற்குள் நான் வால்வை மூடிவிட்டேன். "பலே ஆளுய்யா நீ" என்று கூட்டாளி என் முதுகில் தட்டினான். அந்தத் தட்டு எனக்கு எவ்வளவு காலமாகக் கிடைக்காமல் இருந்தது தெரியுமா?

கேன்டீன்காரனுக்கு நேரம்தான் உப்பு, மேடம். சங்கு ஊதும்போது சோறு தட்டில் இருக்க வேண்டும், முன்னால் வந்தால் ஆறிப்போகும், பின்னால் வந்தால் அடிதடி. எந்தப் பண்டம் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று கவனிப்பது எனக்குக் கைவந்த கலை. ரஸ்க் உடனே. குளிர்ந்த சோடா, ஒரு நலம் விசாரிப்பு முடிவதற்குள். வினிகரில் ஊறிய காய்க்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். யார் வருகிறார்கள், எதைச் சொல்லப் போகிறேன் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி வைப்பேன். ஒரு தடவைக்கு ஒன்றுதான். அளவுக்கு மீறமாட்டேன், நான் முரடன் இல்லை.

இருமுகிறவர்களை வெறித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று வீட்டில் ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தேன். "பாத்தா டீச்சருக்குக் கூச்சமா இருக்கும், நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கணும். தானா அடங்கிடும்" என்பேன். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தேன், வருகிறவர்களுக்கும் சொன்னேன். எல்லாரும் நல்லவர்கள். டீச்சர் இருமினால் உடனே தட்டைப் பார்ப்பார்கள், என் பேச்சில் கவனமாக இருப்பார்கள். டீச்சருக்கும் அது பிடித்துப்போயிற்று. "உங்க அப்பா எவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யுறார் பாரு" என்று மகளிடம் சொன்னதை நானே கேட்டேன். அப்போது என் கண் கலங்கிவிட்டது. நான் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு இந்த ஒலிப்பதிவு விவகாரம் வந்தது. பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற சங்கம் ஒன்று. மகள் சொல்லி டீச்சர் பெயர் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த மாதிரி. காலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி செய்து, பின்கட்டில் உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். "என்னங்க, எனக்கு இனிமே வகுப்பே கிடையாதுன்னு நினைச்சேன். நான் செத்த பிறகுகூட ஏதோ ஒரு பிள்ளை என் குரல்ல பாடம் படிக்கும்" என்றாள். அவ்வளவு ஆசையாக அவள் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. டாக்டர்கூட மூச்சு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே ஒரு வாக்கியம் பேசவிடாதவள். செத்த பிறகும் பேசப் போகிறாள் என்றால் நான் எப்போதுதான் பேசுவது?

முதல் தடவை குரல் சோதனைக்குப் போகும் வழியில், "வெறும் வயித்தோட போகாதே" என்று இரண்டு ரஸ்க் கொடுத்தேன். பாதிப் பக்கம்கூட ஓடவில்லை. இரண்டாவது தடவை குளிர்ந்த பால். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் தோளில் தட்டிக் கொடுத்தேன், "விடு டீச்சர், நமக்கு எதுக்கு இந்த வயசுல" என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தப் பாதிப் பக்கத்தைக் கேட்டே அவர்கள் மயங்கிவிட்டார்கள். வெளியே வந்து போனால்தான் இருமல் வருகிறது போலிருக்கிறது, நாங்களே வீட்டுக்கு வந்து பதிவு செய்கிறோம் என்று சங்கத்துத் தலைவி தொலைபேசியில் சொன்னார். டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

வருகிறவர்களைப் பட்டினி போட முடியுமா? மதியச் சாப்பாட்டுக்கே கூப்பிட்டேன். சங்கத்துத் தலைவி, ஒலிப்பதிவுக்காரர், மகள், மாப்பிள்ளை, நாங்கள் இருவர். ரஸ்க்கைப் பொடித்து அதில் மீனைப் புரட்டி மொறுமொறுவென்று பொரித்தேன். வினிகரில் ஊறிய வெங்காயமும் வெள்ளரியும். பனிக்கட்டி மிதக்கிற சோடா. கடைசியில் பொடிச் சர்க்கரை தூவிய கேக். அதுவரை ஒவ்வொன்றாகத்தான் கொடுத்து வந்தேன். அன்று விருந்து, எல்லாம் ஒரே மேஜையில் வந்துவிட்டது. டீச்சர் கொஞ்சமாகத்தான் எடுத்தாள். "இன்னிக்குத் தெம்பு வேணும், நல்லா சாப்பிடு" என்று நான்தான் இன்னும் வைத்தேன். வைத்ததை எல்லாம் சாப்பிட்டாள். சமைத்த கைக்கு அதைவிட என்ன மரியாதை?

ஒலிப்பதிவுக்காரர் சுறுசுறுப்பானவர். சாப்பாட்டுக்கு நடுவிலேயே கருவியை மேஜையில் வைத்து முடுக்கிவிட்டார். "டீச்சரம்மா சும்மா பேசிக்கிட்டிருக்கட்டும், குரல் அளவு பார்த்துக்கிறேன்" என்றார். எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மேஜை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. இப்படி ஒரு அமைதி எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. அதனால் நான் ஆரம்பித்துவிட்டேன்.

காஸ் குழாய் பிடுங்கிக்கொண்டது. ஆட்கள் ஓடினார்கள். சாக்கை நனைத்தேன். டீச்சர் இருமத் தொடங்கினாள், எல்லாரும் வழக்கம்போலத் தட்டைப் பார்த்தார்கள். நான் தீக்குள் கால் வைத்தபோது அவள் கையைத் தூக்கினாள். "பாத்தீங்களா, திருத்த வந்துட்டாங்க டீச்சர்" என்றேன். மேஜையே சிரித்தது. மகள் மட்டும் பாதி எழுந்தாள். "அப்பா, அம்மாவுக்கு..." என்றாள். "உட்காரும்மா, உத்துப் பாக்காதே" என்றேன். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண், உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. பேசுவாள், காலம் போனால் பேசுவாள்.

இன்ஹேலர் எங்கே இருந்தது என்று நேற்றும் கேட்டீர்கள். என் சட்டைப்பையில்தான். டீச்சரின் கை என்னைத் திருத்த எழவில்லை, மேடம். என் பையைத்தான் காட்டியது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வால்வுக்கு இன்னும் ஓர் எட்டுதான் பாக்கி. கருவி வேறு ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி எப்போது என்று நினைத்தேன். வால்வை மூடினேன். சாக்கை உதறினேன். ஆட்கள் என்னைத் தோளில் தூக்கிக் கூடத்தைச் சுற்றி வந்ததையும் சொன்னேன். அதை அதற்கு முன்னால் நான் சொன்னதே இல்லை, அந்த இடம் வரை என்னை யாரும் விட்டதில்லை. பிறகு திரும்பிப் பார்த்தேன். டீச்சர் மேஜையில் தலையைச் சாய்த்திருந்தாள். அப்போது இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன், அதை இழுக்க அவளிடம் மூச்சு இல்லை.

இவ்வளவுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று காலை அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினீர்களே, முழுசாகக் கேட்டேன். ஆரம்பம் முதல் முடிவு வரை ஓர் இடத்தில்கூட யாரும் குறுக்கே பேசவில்லை. நன்றாகவே வந்திருக்கிறது. பின்னால் கொஞ்சம் இரைச்சல் கேட்கிறது. அதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று அந்த ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள்.