பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்

“மைனி, தப்பா நெனைக்காதீங்க. நான் ஒங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன்.”

வடசேரியிலிருந்து அஞ்சுகிராமம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மைனி, அதாவது அண்ணி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். இதைச் சொன்னவள், குழந்தைத் துணிகள் நிறைந்த பையை மடியில் வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தாள்.

“ஒங்களுக்கு மெட்ராஸ் ஐ. கண்ணப் பாத்தா எனக்கும் ஒட்டிக்கிடும். நான் தங்கச்சிக்க பச்சப்பிள்ளயப் பாக்கப் போறேன்லா.”

“அதுக்குத்தானே மக்கா கண்ணாடி போட்டிருக்கேன்.”

“சைடு வழியாத் தெரியுதே.”

மைனி கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப இத நீ போட்டுக்கோ. நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கேன்.”

கழற்றி, அதுவரை கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையாலேயே இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். மற்றவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஏற்பாடு இருவருக்கும் திருப்தியாக இருந்தது.

“பிள்ளைக்கு எத்தன நாளாச்சு?” என்றாள் மைனி, மூடிய கண்களோடு.

“பன்னெண்டு. தங்கச்சிக்க மாமியார் ரொம்ப சுத்தம் பாப்பா. செருப்பக்கூட கேட்டுக்கு வெளியதான் போடணும்.”

“பச்சப்பிள்ள இருக்க வீடுல்லா. அப்பிடித்தான் இருக்கணும்.”

அஞ்சுகிராமத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றி மைனியின் கையில் வைத்தாள். வேர்வையில் அரித்த இரண்டு கண்களையும் விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

“ஒரு தடவகூட பாக்கல்ல மைனி. இனி பயமில்லாம பிள்ளயக் கொஞ்சலாம்.”