பிடியரிசிப் பானை

ராகேல்: காலை மடக்கி வச்சுக்க மக்கா பூங்கனி. கண்டக்டர் வந்தா நீ தாத்தா மடியில ஒறங்குற பிள்ளை. கேட்டியா?

செல்லபாய்: அம்மா, அதுக்கு அஞ்சு வயசாச்சு. காலு பஸ்ஸுக்கு வெளிய கெடக்கு.

ராகேல்: மடியில இருக்க பிள்ளைக்கு என்னத்துக்கு டிக்கெட்டு? நான் நாலுன்னு சொல்லியாச்சு.

செல்லபாய்: பிள்ளை முழிச்சுக்கிட்டுல்லா இருக்கு. ஒறங்குறது அப்பாதான்.

ராகேல்: ஒங்கப்பா மார்த்தாண்டத்துல ஏறினதும் கண்ணை மூடினாவ. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிட்டு நாற்காலியில ஒரு தூக்கம். பதினாறாம் வாய்ப்பாட்டுல ஒருத்தன் தப்பாச் சொன்னா மட்டும் கண்ணு முழிக்கும்.

செல்லபாய்: பஸ்ஸு ஏன் நின்னுட்டு?

ராகேல்: இஞ்சின் கொதிக்காம். டிரைவர் தண்ணி கோரப் போயிருக்காரு. நீ கைக்குழந்தையை இந்தப் பக்கம் தா, வெயில் அடிக்கு.

செல்லபாய்: இது எந்த ஊரு... தக்கலையா?

ராகேல்: தக்கலைதான். அந்தா தெரியுதுல்லா அயனி மரம். ஓர்மை இருக்கா?

செல்லபாய்: இந்தா, குழந்தையைப் பிடி.

ராகேல்: ஏட்டி, ஓர்மை இருக்கான்னு கேட்டேன்.

செல்லபாய்: இருக்கும்மா. நல்லா இருக்கு.

ராகேல்: கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பதாம் ஆண்டு வெள்ளம் வந்துதே, அதுக்கு அடுத்த ஓணம். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. நம்ம நாலு பேரும் ராஜையன் மாட்டுவண்டியில கன்னியாகுமரி பாக்கப் பொறப்பட்டோம். இந்த மரத்து மூட்டுலதான் நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்ட.

செல்லபாய்: பதினாலு வருஷம் ஆச்சு.

ராகேல்: எனக்கு நேத்து மாதிரி இருக்கு. உனக்குப் பத்து வயசு, உன் தம்பி ஞானையனுக்கு நாலு. அவன் ஒங்கப்பாவுக்க பழைய வேட்டியில தச்ச சட்டையைப் போட்டிருந்தான். வளருவான்னு பெரிசா தச்சேன். முட்டு வரைக்கும் கெடக்கும்.

செல்லபாய்: எல்லாத்தையும் பெரிசாத்தான் தைப்பே. தின்ன மட்டும் சின்னதாத் தருவே.

ராகேல்: என்ன கொறை வச்சேன் உனக்கு?

செல்லபாய்: கருப்பட்டியை ஒரு கடி கடிச்சா மூணு மடக்கு காப்பி குடிக்கணும். நாலாவது மடக்குக்குத்தான் அடுத்த கடி. எண்ணிக்கிட்டே இருப்பே.

ராகேல்: இனிப்பு தின்னா பல்லு போவும்.

செல்லபாய்: சிலேட்டு?

ராகேல்: அது கீழ விழுந்து ஒடஞ்சதுல்லா. ரெண்டு பேருக்கு ரெண்டு துண்டு. புதுசு எதுக்கு?

செல்லபாய்: அது கீழ விழுந்ததை நான் பாக்கல்லம்மா. ஒடஞ்சு ரெண்டா இருந்ததைத்தான் பார்த்தேன்.

ராகேல்: போடி. ரெண்டு பேரும் அதுலதான் படிச்சு ஆளானிய.

செல்லபாய்: எல்லாத்தையும் விடு. பிடியரிசி... அதை நெனச்சா எனக்கு இப்பமும் சிரிப்பு வரும். சபைக்கு ஒவ்வொரு நேரமும் உலைவைக்கும்போ ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வைக்கணும். ஊருல எல்லாப் பொம்பளையளும் அவிய கையாலதான் எடுப்பாவ. நீ மட்டும் ஞானையனைக் கூப்பிடுவே.

ராகேல்: பிள்ளை கையால குடுத்தா ஆண்டவருக்கு சந்தோஷம்.

செல்லபாய்: பிள்ளை கை சின்னதும்மா.

ராகேல்: ... பிடின்னுதான் சொன்னாவ. ஆரு பிடின்னு சொல்லல்ல.

செல்லபாய்: நேத்து பூங்கனி கையைப் பிடிச்சு பானைக்குள்ள விட்டியே, பார்த்தேன்.

ராகேல்: ஒனக்குக் கண்ணு எல்லா இடத்துலயும் இருக்கு.

செல்லபாய்: ஞானையன் எழுதின லெட்டரை அப்பா படிச்சுக் காட்டினாவளா?

ராகேல்: தேயிலைத் தோட்டத்துல மழையாம், அட்டை கடியாம். பின்ன, நம்ம கன்னியாகுமரி போறது தெரிஞ்சு அங்க அரிசி கணக்கா கெடக்க மணல்ல ஒரு பிடி எடுத்து வைக்கச் சொல்லி எழுதியிருக்கான். பதினெட்டு வயசாச்சு. இன்னும் அந்த மணலை விடல்ல.

செல்லபாய்: அன்னைக்கு வண்டியில முழுக்க அதான பேச்சு. கடலு கரையில அரிசி சும்மா கெடக்குன்னு ஆரோ சொல்லிட்டாவ. அள்ளிக்கிட்டு வந்து பிடியரிசிப் பானையை நெறைக்கலாம், பெறவு அம்மா சோத்துக்கு வச்ச அரிசியில எடுக்க வேண்டாம்னான்.

ராகேல்: அதைக் கேட்டு ஒங்கப்பா சிரிச்ச சிரிப்பு. மாடு மெரண்டுட்டு.

செல்லபாய்: பெறவு வண்டி திரும்பினப்பம் அவன் அழுத அழுகையும் எனக்கு ஓர்மை இருக்கு. அழகியமண்டபம் வரைக்கும் விக்கிக்கிட்டே வந்தான்.

ராகேல்: அதுக்கு நீ என்ன செய்வே. வயித்துவலி சொல்லிட்டா வருது.

செல்லபாய்: அம்மா.

ராகேல்: என்ன?

செல்லபாய்: கடலைப் பாக்கதுக்கு முன்ன ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் ஒங்களை ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன்னு நின்னேன்.

ராகேல்: பீடிகை போடாத. பயமா இருக்கு.

செல்லபாய்: அன்னைக்கு எனக்கு வயித்துவலி இல்ல.

ராகேல்: என்னட்டி சொல்லுத?

செல்லபாய்: ஒண்ணுமே இல்லம்மா. வேணும்னுதான் உருண்டேன்.

ராகேல்: எதுக்குட்டி? நீதான மூணு மாசமா கடலு கடலுன்னு என்னை அரிச்சே.

செல்லபாய்: அன்னைக்கு வெள்ளனே எனக்கு முழிப்பு வந்துட்டு. நீ அடுக்களையில இருந்த. சுண்ணாம்புல குருசு போட்ட அந்தப் பானை... பிடியரிசிப் பானை. அதைச் சரிச்சு அரிசியைத் துணியில கொட்டி மூட்டை கட்டினே. அதை வண்டியில உன் காலுக்குக் கீழ வச்ச.

ராகேல்: அதைப் பார்த்தியா நீ?

செல்லபாய்: பார்த்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் ஓய்வுநாள் பள்ளியில உபதேசியார் பாடம் எடுத்தாரு. ஆண்டவருக்குன்னு வச்சதை ஒளிச்சு எடுத்தவிய நின்ன இடத்துலயே விழுந்து செத்தாவன்னு. எனக்கு அந்த ஒண்ணுதான் மனசுல ஓடிச்சு. நீ கன்னியாகுமரியில அந்த அரிசியைப் பொங்குவே, நாங்க தின்போம், நீ செத்துப் போவேன்னு.

ராகேல்: ஐயோ என் பிள்ளையே.

செல்லபாய்: திரும்பி வீட்டுக்குப் போனா நீ அரிசியைப் பானையில தட்டிருவேன்னு நெனச்சேன். ஞாயிறாச்சைக்கு முன்ன. வேற வழி தெரியல்ல. வயித்தைப் பிடிச்சேன்.

ராகேல்: பத்து வயசுல... இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டா கெடந்த?

செல்லபாய்: ஞானையன் அழும்போதெல்லாம் சொல்லிரலாம்னு வரும். உன்கிட்ட கேக்கவும் முடியல்ல. கேட்டா நீ திருடினேன்னு நான் சொன்ன மாதிரி ஆவும்.

ராகேல்: மக்கா, இஞ்ச பாரு. அது சபை அரிசி இல்ல.

செல்லபாய்: நான் கண்ணால பார்த்தேன்மா.

ராகேல்: பானை சபைப் பானைதான். அரிசி அதுல்ல. அந்த மாசத்துப் பிடியரிசியை அளந்து எடுத்து முந்தின ஞாயிறாச்சையே கொண்டு குடுத்தாச்சு. பானைக்குள்ள கெடந்தது என் அரிசி.

செல்லபாய்: உன் அரிசின்னா?

ராகேல்: என் அரிசிதான்... வெள்ளத்துக்குப் பெறவு அரிசி என்ன வெலை வித்துது. வண்டி வாடகைக்கு ஒங்கப்பா வழி பண்ணினாவ. ஆனா அங்க ரெண்டு நாளைக்கு நாலு பேரும் கடையில தின்னா முடியுமா? ஒங்கப்பாகிட்ட சொன்னா பயணம் வேண்டாம்னு சொல்லிருவாவ. அதுக்காட்டு மூணு மாசமா ராத்திரி எனக்குள்ள பங்கு அரிசியை எடுத்து வச்சேன்.

செல்லபாய்: ராத்திரி நீ பசியில்லன்னு சொல்லிட்டு வடிச்ச கஞ்சித்தண்ணியைக் குடிப்பியே...

ராகேல்: அது நல்லதுல்லா. உப்பு போட்டுக் குடிச்சா ஒறக்கம் வரும்.

செல்லபாய்: அம்மா...

ராகேல்: அழாத. பிள்ளை பாக்குது. வேற பானையில வச்சா உங்க ரெண்டு பேருக்க கையும் போவும். வறுத்துத் தா, இடிச்சுத் தான்னு கேப்பிய. குருசு போட்ட பானைன்னா வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டாவ. அதான் அதுல வச்சேன். எனக்கு அதுல எவ்வளவு பெருமை தெரியுமா? என்ன புத்தி எனக்குன்னு.

செல்லபாய்: அப்பம் நான் ஒண்ணுமில்லாததுக்குப் பயணத்தைக் கெடுத்தேன். நீ மூணு மாசம் பட்டினி கெடந்த பயணத்தை.

ராகேல்: நீ கெடுக்கல்ல மக்கா. அடுத்த வாரம் போயிருக்கலாம். பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் நாளு இருந்துது. ஆனா அரிசி இல்ல.

செல்லபாய்: ஏன், எங்க போச்சு?

ராகேல்: அதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. இப்பம் நீ சொன்னதுனால சொல்லுதேன். ஞாயிறாச்சை கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்கேன், மூட்டையைக் காணல்ல. துணி மட்டும் மடிச்சு வச்சிருக்கு. எலி மடிச்சு வைக்குமா?

செல்லபாய்: பின்ன?

ராகேல்: மூட்டையை எறக்கி அடுக்களையில வச்சது ராஜையன். அதுல அரிசி இருக்குன்னு தெரிஞ்ச அன்னியன் அவன் ஒருத்தன்தான்.

செல்லபாய்: ராஜையன் மாமாவையா சந்தேகப்பட்ட? அதுதான் அதுக்குப் பெறவு அவரு வண்டியில நீ ஏறவே இல்லையா?

ராகேல்: மூஞ்சி குடுத்துப் பேசினதும் இல்ல. பாவம், என் மேல என்ன கோவம் அக்கான்னு ரெண்டு தடவை கேட்டான். வாயைத் தொறந்து கேட்டிருப்பேன். கேட்டா அந்த அரிசி எப்படி வந்துதுன்னு ஒங்கப்பா கேப்பாவ. பட்டினி கெடந்தது வெளிய வரும். அவிய தாங்க மாட்டாவ. அதான் விட்டுட்டேன்.

செல்லபாய்: அவருதான் எடுத்தாருன்னு உறுதியா தெரியுமா?

ராகேல்: வேற ஆரு வந்தா வீட்டுக்கு? அன்னைக்கு நாளே சரியில்ல. கோயில் மணிகூட பிந்தித்தான் அடிச்சுது. எனக்கு மனசு அப்பமே என்னமோ சொல்லிச்சு.

செல்வதாஸ்: ராஜையன் எடுக்கல்ல.

செல்லபாய்: அப்பா... நீங்க ஒறங்கல்லையா?

ராகேல்: எப்பம் முழிச்சிய?

செல்வதாஸ்: பூங்கனி காலு வயித்துல இடிச்சப்பமே முழிச்சேன். வாய்ப்பாடு தப்பிச்சுன்னா கண்ணு முழிக்கும்னு சொன்னியே, அதையும் கேட்டேன்.

ராகேல்: அப்பம் எல்லாத்தையும்...

செல்வதாஸ்: கேட்டேன். பசியில்லன்னு நீ சொன்னதை நான் நம்பினேனே ராகேல். மூணு மாசம். பக்கத்துல இருந்து நான் வயிறு நெறைய தின்னேன்.

ராகேல்: அதை விடுங்க. பழைய கதை.

செல்வதாஸ்: எப்படி விடுவேன்? மனசு பொறுக்கல்ல.

ராகேல்: பிள்ளைய முன்னால கண்ணைத் தொடைக்காதுங்க. ராஜையன் எடுக்கல்லன்னு சொன்னியளே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

செல்வதாஸ்: செல்லபாய் வயித்துவலின்னு உருண்டதுக்கு நான் வண்டியைத் திருப்பல்ல.

செல்லபாய்: பின்ன எதுக்குப்பா?

செல்வதாஸ்: நீ இந்த மரத்துக்குப் பின்னால போயி முட்டுகுத்தினியே. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன். நீ ஜெபம் பண்ணினது காதுல விழுந்துது. 'ஆண்டவரே, அம்மா உம்முடைய அரிசியை எடுத்துட்டா, அவளைக் கொன்னு போடாதேயும்'னு.

ராகேல்: அதைக் கேட்டு நீங்களும் நம்பிட்டியளா?

செல்வதாஸ்: நம்பினேன். பிள்ளைகளுக்குக் கடலு காட்டணும்னு ஆசையில தெரியாம செய்துட்டான்னு நெனச்சேன். உன் மூஞ்சியைப் பார்த்துக் கேக்க எனக்கு மனசு வரல்ல. கேட்டா நீ வெக்கத்துல செத்துப் போவே.

ராகேல்: அப்பம் என் அரிசி...

செல்வதாஸ்: ஞாயிறாச்சை மணி அடிக்க நான்தான வெள்ளனே போவேன். மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒறங்கிக் கெடந்த ஞானையனையும் எழுப்பிக் கொண்டு போனேன். அவன் கையால சபைப் பெட்டியில போட வச்சேன். துணியைக் கொண்டு வந்து மடிச்சு வச்சதும் நான்தான்.

செல்லபாய்: அவன் ஒண்ணும் கேக்கல்லையாப்பா?

செல்வதாஸ்: 'இது கடலு கரையில கெடந்த அரிசியாப்பா?'ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். அவனுக்கு என்ன சந்தோஷம்... இன்னைக்கும் அதை நம்பித்தான் லெட்டர் எழுதுகான்.

ராகேல்: மூணு மாசத்து அரிசி... ஒரேயடியாத் தட்டிட்டு வந்திருக்கக் கூடாதா? மணி ஏன் அவ்வளவு பிந்திச்சு?

செல்வதாஸ்: பிடி பிடியாத்தான் போடணும், அம்மா அப்படித்தான் சொல்லித் தந்தான்னு நின்னுட்டான் ராகேல். அவன் கை சின்னதுல்லா.