பாடும் கால்

ஜெல் கொஞ்சம் சில்லென்று இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். அன்றும் சொன்னேன். அத்தான் காதில் விழவில்லை. அவசரப் பிரிவுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். வலது பாதம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டாப்ளர் கருவியின் முனையைக் கணுக்காலில், பாதத்தின் மேல், முழங்காலுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி வைத்தேன். ரத்தம் ஓடினால் கருவி அதைச் சத்தமாக்கும். வெறும் இரைச்சல்தான் வந்தது.

“தம்பி, நீ இருக்கேல்ல, எனக்கு பயமில்ல” என்றாள் வாசலில் நின்ற அக்கா.

ஏன் செய்தீர்கள் என்று விசாரணைக் குழுவில் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ரத்தநாள அறுவை சிகிச்சைதான் என் தொழில். கூடவே டாக்டர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். கால் அடைப்பைக் காதால் கண்டுபிடிக்கும் வித்தை. நல்ல ரத்தநாளம் சாட்டை சொடுக்குவதுபோலப் பேசும். அடைப்புள்ளது, குக்கர் விசில் வருமுன் சீறுமே, அப்படி. பதிவு செய்து போட்டால் காது பழகும், கை பழகாது. கைக்கு நிஜக் கால் வேண்டும்.

அத்தான் தானாகத்தான் வந்தார். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றார். தொடையில் முனையை வைத்தேன். அவ்வளவு சுத்தமான சீறலை அதுவரை நான் கேட்டதில்லை. பலூன் வைத்து விரித்திருந்தால் அடைப்பு போயிருக்கும். சத்தமும் போயிருக்கும்.

தசைப்பிடிப்பு என்றேன். சத்து மாத்திரை கொடுத்தேன். வகுப்புக்கு வந்து படுத்தால் அப்படியே நானும் பார்த்துக்கொள்வேன் என்றேன். மனிதருக்கு ஒரே பெருமை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். என் கால் பாடுது, டாக்டருங்க டிக்கெட் எடுத்து கேக்குறாங்க என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாராம்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். இவருக்கு ஏன் இன்னும் சிகிச்சை செய்யவில்லை என்று யாராவது கேட்பார்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன், மறுக்கிறார் என்பேன். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அத்தான் சிரிப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

ஒருமுறை ஓர் இளம் டாக்டர் அவர் பக்கம் குனிந்து தமிழில் கேட்டுவிட்டார். “ஏங்க ஐயா, ஆபரேஷன் வேணாம்னு சொல்றீங்களாமே?”

“நான் எப்பம்மா வேணாம்னேன்? மாப்ள சொன்னா கெணத்துலகூட குதிப்பேன்.”

உங்களிடம் புகார் கொடுத்தது அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். நல்ல காது அவருக்கு.

பிறகு அடைப்பின் மேல் ரத்தம் உறைந்து மூடிக்கொண்டது. காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. நானே எடுத்தேன். வேறு கையில் விட மனம் வரவில்லை. ஒன்றைக் கவனியுங்கள், அத்தான் தொடையில் கற்றுக்கொண்டவர்கள் இன்று எத்தனையோ கால்களைக் காப்பாற்றுகிறார்கள். வீட்டில் மட்டும் குக்கர் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் சமையலறை சீறிக்கொண்டுதான் இருக்கிறது.

வேறு எதையாவது மறைக்கிறேனா என்கிறீர்கள். ஒன்று இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று, ஜெல் சில்லென்று இருக்கும் என்று சொல்லிவிட்டு, அத்தானின் இடது தொடையில் முனையை வைத்தேன். அதே சீறல் அறை முழுக்கக் கேட்டது. முந்தையதைவிடச் சுத்தம்.

“இதென்ன தம்பி சத்தம்?” என்றாள் அக்கா.

“ரத்தம் நல்லா ஓடுதுக்கா” என்றேன்.