ரிப்போர்ட்டில் இல்லாத வார்த்தை

மலேசியாவில், ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கையில் மாவுக்கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அக்கா.

“யாரு தம்பி அடிச்சது?”

“முன்னப்பின்ன பார்த்ததே இல்லக்கா. நெத்தியில திருநீறப் பார்த்தானுங்க. நம்ம இனத்தச் சொல்லித் திட்டிக்கிட்டே கட்டையால அடிச்சானுங்க.”

“போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னேன். மலாய்ல ‘சாலா பாஹாம்’னு எழுதிக்கிட்டாங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டதால வந்த சண்டையாம்.”

“தெரியாதவன் என்னத்தத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்?”

“என்னை மனுஷன் இல்லன்னு புரிஞ்சுக்கிட்டான் போல.”

அக்கா சிரிக்கவில்லை.

“இனத்தச் சொல்லி அடிக்கிறவனுங்களுக்குன்னு தனிச் சட்டம் வேணும்னு பேசுறாங்களே?”

“வரட்டுமே. அடுத்த தடவ சட்டப்படி அடி வாங்கலாம்லா.”

“அப்ப விட்டுட்டியா?”

“விடல. இப்ப கோப்பெங்ல இறங்கி அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். அவனுங்க திட்டின வார்த்தைய ரிப்போர்ட்ல சேர்க்கச் சொல்லணும். இல்லாட்டி நாளைக்கு என் புள்ள அதப் படிச்சா, அப்பா தெருவுல சண்டை போட்டவருன்னு நெனைப்பான்.”

கோப்பெங் வந்ததும் அவர் எழுந்தார். காம்பாருக்கு டிக்கெட் எடுத்திருந்த அக்காவும் எழுந்துகொண்டார்.

“இரு, நானும் வாரேன். அவங்க எழுதுற வரைக்கும் அங்கேயே உக்காந்திருப்போம்.”